ஹெரால்டு என்றால் ஒழுகத்தான் செய்யுமா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பரீட்சை. கீழே நாமக்கல்லில் மாதக்கணக்கில் ஒரு சொட்டும் விடாத இன்ஜின், மேலே செம்மேட்டில் நிறுத்தியதும் தரையில் கறுப்பாக வட்டம் போடும். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் பாதி, இருக்கிற இன்ஜினையும் கெடுத்துவிடும்.

இந்தப் பத்தி முக்கியமாக ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் அது. அதன் 948 சிசி இன்ஜினும், 1962இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் 1147 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம். இரண்டு கார்களையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலியரான மிக்கெலொட்டி. இன்ஜின் ஒரே குடும்பம் என்பதால் ஸ்பிட்ஃபயருக்குப் பொருந்தும் ஆயில் சீல் பாடம் பெரும்பாலும் நம் ஊர் ஹெரால்டுக்கும் பொருந்தும்.

நம்பிக்கை: “பிரிட்டிஷ் இன்ஜின், ஒழுகத்தான் செய்யும்.”

இதைச் சொல்லித்தான் பலரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். கிராங்க்கின் பின்முனையில், ஃபிளைவீல் பக்கம், அந்தக் காலத்து வடிவமைப்பில் ரப்பர் சீலே கிடையாது. தண்டுக்கும் அலுமினிய ஹவுசிங்குக்கும் நடுவே திருகுமரை போன்ற காடி மட்டும்தான். கிராங்க் சுற்றும்போது அந்தக் காடி, வெளியே வரப் பார்க்கும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். ரப்பர் உதடு வைத்த சீல் இந்தக் குடும்பத்துக்குப் பின்னாளில்தான் வந்தது. காடி வகை முழுக்க ஈரமில்லாமல் இருக்காது என்பது உண்மை. ஆனால் ஹவுசிங் தண்டைச் சுற்றிலும் ஒரே இடைவெளியோடு உட்கார்ந்திருந்தால், உள்ளே காற்றழுத்தம் ஏறாமல் இருந்தால், கசிவு ஒரு பூச்சு அளவில் நின்றுவிடும். தரையில் குட்டை கட்டுகிறது என்றால் அது பிறவிக் குணம் அல்ல, கோளாறு.

கொண்டை ஊசி வளைவில் சிந்திய ஆயில் காரைவிட இருசக்கர வாகனக்காரரைத்தான் முதலில் சாய்க்கும். தூறல் விழுந்த சாலையில் அது இன்னும் மோசம். “பழைய வண்டி, அப்படித்தான்” என்று சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: “மலைக்குப் போறோம், அரை லிட்டர் கூட ஊத்திக்கலாம்.”

மலையடிவாரத்தில் அடிக்கடி கேட்கும் யோசனை இது. இதைவிடக் கெடுதலான யோசனை எனக்குத் தெரியவில்லை. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், அரை மீட்டர் நீளமுள்ள ஆயில் சேம்பரின் பின்பக்கம் ஆயில் மட்டம் முன்பக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் ஆழமாகிவிடும். முன்னால் இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸ் என்று நீளவாக்கில் இருக்கும் ஹெரால்டில், அந்த ஆழம் சேருகிற இடம்தான் பின்பக்கக் காடி. குறிக்கு மேலே ஊற்றிய ஆயில் அங்கே போய் நின்றால், காடி எவ்வளவு தள்ளினாலும் மிச்சம் வெளியேதான் வரும். போதாததற்கு, கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலால் பேரிங்குக்கு ஒழுங்கான அழுத்தம் கிடைக்காது.

ஆயில் கேஜின் மேல் குறிக்கு மேலே ஒரு சொட்டும் வேண்டாம். அளவைச் சமதளத்தில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலே போனதும் முகப்பு மேடு பார்த்த நிலையில் இரவெல்லாம் நிறுத்தாதீர்கள். இன்ஜின் சுற்றாதபோது காடி எதையும் தடுக்காது.

நம்பிக்கை: “ஆயில் ஒழுகுதா, சீலை மாத்து.”

சீல் மலிவு, அதனால் முதல் பழி அதன் மேல். ஆயில் எப்போதும் கீழே இறங்கும், ஓடும் காற்றில் பின்னால் போகும். மேலே டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிந்தது, இன்ஜின் பின்புறமாக வழிந்து, கியர்பாக்ஸ் மணிக்கூட்டுக்கு (பெல் ஹவுசிங்) அடியில் சொட்டும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்பார். இன்ஜினைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஈரம் பிடித்த இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எதுவோ, அங்கேதான் கசிவு தொடங்குகிறது.

அடுத்து அழுத்தம். ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டி சேம்பருக்குள் இறங்கும். கீழ் கியரில் முழு ஆக்சிலரேட்டரோடு வளைவுக்கு வளைவு ஏறும்போது அது பெருகும். பிரீதர் குழாய் கசடு பிடித்து அடைத்திருந்தால் அந்த வாயு வேறு வழி தேடும், கிடைப்பது சீல்தான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஐடிலில் கையை வைத்துப் பாருங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் புதுச் சீலும் ஒழுகும். பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், கம்ப்ரஷன் பாருங்கள், அதற்குப் பிறகு சீல் கடைக்குப் போங்கள்.

மணிக்கூட்டுக்குள் இருந்து வருவது இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்பதை மோந்தே சொல்லலாம். கியர் ஆயிலில் கந்தக நெடி இருக்கும்.

நம்பிக்கை: “புதுச் சீல் போட்டாச்சு, இனி கவலையில்லை.”

முன்பக்க டைமிங் கவர் சீலை எடுத்துக்கொள்வோம். அதன் உதடு உரசுவது கிராங்க் புல்லியின் கழுத்தில். புல்லியைக் கழற்றித் துடைத்து, அந்தக் கழுத்தின் மேல் நகத்தைக் குறுக்காக இழுங்கள். ஒரு வளையத்தில் நகம் ‘டக்’கென்று இறங்கி ஏறினால், அங்கே பழைய சீல் காடி வெட்டியிருக்கிறது. புது உதடு அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்தால் காசு வீண்.

வழிகள் உண்டு. இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, தேயாத பாகத்தில் உரச விடலாம். இல்லையென்றால் 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய எஃகு சிலீவ் கடையில் கிடைக்கிறது. கழுத்தின் மேல் ஏற்றினால் போதும், சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. கழுத்தைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வது மூன்றாவது வழி. லாரித் தொழிலால் வளர்ந்த நாமக்கல்லில் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி வாங்குங்கள்: கடைசி வேலை லேத் கத்தியில் முடியக்கூடாது. கத்தி நகர்ந்துகொண்டே சீவிய பரப்பில், கண்ணுக்குத் தெரியாத மரை ஓடியிருக்கும். பின்பக்கத்தில் வேண்டுமென்றே வெட்டிய காடி ஆயிலை உள்ளே தள்ளியதே, அதே வேலையை இந்த மரை எதிர்த்திசையில் செய்து, நல்ல சீலுக்கு அடியிலேயே ஆயிலை வெளியே கடத்திவிடும். கல் பக்கவாட்டில் நகராமல் நேராக இறங்கிக் கிரைண்டிங் செய்த பரப்பே சீலுக்கு உகந்தது.

பொருத்தும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் உலர்ந்தபடி ஏற்றினால், முதல் ஸ்டார்ட்டிலேயே உதடு கருகும்.

நம்பிக்கை: “கசிவை நிறுத்தும் மருந்து ஊத்தினா போதும்.”

அந்த மருந்து ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும். இறுகிப்போன சீலில் சில நாள் பலன் தெரியலாம். அலுமினியக் காடியில் ஊறுவதற்கு ரப்பரே இல்லை. கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளி அப்புவதும் இப்படித்தான். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்பின் வலையில் போய் அடைக்கும்.

நம்பிக்கை: “பின் சீலுக்கு இன்ஜினை இறக்கணும்.”

ஹெரால்டில் வேண்டாம். காருக்குள்ளே கியர்பாக்ஸை மூடியிருக்கும் கவரைக் கழற்றிவிட்டால், கியர்பாக்ஸை உள்ளிருந்தே எடுக்கலாம். பிறகு கிளட்ச், ஃபிளைவீல், அதற்குப் பின்னால் சீல் ஹவுசிங். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளைக் கையளவு முடுக்கி, ஃபீலர் கேஜால் சுற்றிலும் இடைவெளி பார்த்த பிறகே இறுக்குங்கள். அங்கே செலவழிக்கும் ஒரு மணி நேரத்தில்தான் வேலையே இருக்கிறது. கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினால் வண்டி பின்னால் உருளும்.

கடைசியாக, இறக்கத்தில் வரும் ஒரு சந்தேகம். காரவள்ளியை நோக்கி இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டாம் கியரில் வந்து, அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் பின்னால் நீலப்புகை கிளம்பினால், அதற்கும் ஆயில் சீலைக் குறை சொல்வார்கள். மூடிய த்ராட்டிலுக்குப் பின்னால் உண்டான வெற்றிடம், தேய்ந்த வால்வு கைடு வழியாக மேலிருந்து ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. கிராங்க்கின் இரு முனைகளிலும் எத்தனை சீல் மாற்றினாலும் இந்தப் புகை நிற்காது. ஹெட்டைக் கழற்றி கைடு போட வேண்டும்.