தேயிலை மலையும் வாக்குரிமையும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலையில் செடி நட்டு வளர்த்தவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர் பலர். விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பனி படர்ந்த சரிவுகளில் ஏறுவது தோட்டப் பெண்களின் அன்றாட வாழ்க்கை. வீடு திரும்பினால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். அந்த வேலைக்குக் கூலி கிடையாது. கூலி கிடைத்த வேலையிலும் சமன் இல்லை. 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வரையறுக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு.

மலாயாவை ஆண்ட பிரிட்டனிலேயே பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமையை 1928-இல்தான் பெற்றனர். நீண்ட போராட்டமும் சிறைவாசமும் கடந்து வந்த உரிமை அது. ஏறத்தாழ அதே காலத்தில், தேயிலை விளையும் இன்னொரு நாடான இலங்கையில் டொனமூர் ஆணைக்குழு விசாரணை நடத்தியது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா அதன்முன் சென்றார். தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அவர். இலங்கையில் 1931-இல் ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை வந்தது. எனினும், தோட்டத் தமிழர் பலரை வசிப்பிட நிபந்தனைகள் தடுத்தன. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

மலாயாவின் கதை வேறு. 1955 ஜூலை 27-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் பெண்களும் ஆண்களைப் போலவே வாக்களித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரில் ஹலிமாத்தோன் அப்துல் மஜிட் ஒருவரே பெண். பெண் என்பதற்காக எவருடைய வாக்கும் மறுக்கப்படவில்லை. ஆனால், வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். மலாயா மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தியராக இருந்தும், அத்தேர்தலின் வாக்காளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இந்தியர் இல்லை. இந்தியாவில் பிறந்து, பத்திரம் எதுவுமின்றித் தோட்டத்திலேயே காலத்தைக் கழித்த பெண்ணுக்கு வாக்குச்சாவடி எட்டாத தூரத்திலேயே இருந்தது.

1957-இல் நாடு விடுதலை அடைந்தபோது குடியுரிமை பெறும் வழி அகலமாயிற்று. அதிலும் ஒரு வேறுபாடு இருந்தது. குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ள அரசமைப்புச் சட்டம் இடமளித்தது. குடிமகளை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அந்த இடம் தரவில்லை. கணவன் வழியாக மனைவிக்கு உரிமை வரலாம். மனைவி வழியாகக் கணவனுக்கு வராது என்பதே இதன் பொருள்.

சமச் சம்பளத்திற்கான குரல் முதலில் பள்ளிக்கூடங்களிலிருந்து உரக்க எழுந்தது. இளம்வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, ஆணுக்கு இணையான சம்பளம் கேட்டார். அப்பதின்ம ஆண்டுகளின் இறுதியில் அரசாங்கப் பணியில் அக்கொள்கை ஏற்கப்பட்டது. படித்த ஆசிரியைக்கே இத்தனை காலம் பிடித்தது என்றால், கொழுந்துக்கூடை சுமந்தவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 8(2)-ஆம் பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்றது. அந்த வரிசையில் 'பாலினம்' என்ற சொல் 2001-இல்தான் சேர்ந்தது.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ வாழும் மாணவி ஒருத்தி எந்தப் பாரமும் நிரப்பாமல் அவ்வயதில் வாக்காளர் ஆகிவிடுவாள். இந்நாட்டின் தோட்டங்களில் உழைத்து முதுமை அடைந்தும், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையுடன் இருக்கும் பாட்டிமார்கள் இன்னும் உள்ளனர். பேத்தி வாக்களிக்கச் செல்லும் நாளில் அவர்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.