அகச்சிவப்பு விளக்கில் வெளிச்சத்தைத் தடுத்து வெப்பத்தைப் பெறும் முறை
(கோழிக்குஞ்சு வளர்ப்போர் கவனத்திற்கு)

கிருஷ்ணகிரி ஜில்லாவில் காவேரிப்பட்டினம் முதல் ஓசூர் வரையுள்ள பிரதேசத்தில் மார்கழி, தை மாதங்களின் இரவுகள் குளிர் மிகுந்தவை. ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருப்பதால், அங்கே குளிரின் கடுமை இன்னும் அதிகம். தாய்க்கோழியின்றி வளர்க்கப்படும் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் செயற்கை உஷ்ணம் இன்றியமையாதது. அதன்பொருட்டு 250 வாட் அகச்சிவப்பு விளக்குகளைப் பலர் வாங்கி உபயோகிக்கின்றனர். ஆனால் இவ்விளக்கு உஷ்ணத்துடன் வெளிச்சத்தையும் தருகின்றது. இரவு முழுதும் கண் கூசும் வெளிச்சத்தில் இருக்கும் குஞ்சுகள் இளைப்பாறா. ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்துவதும் உண்டு. ஆகவே வெளிச்சத்தை நீக்கி உஷ்ணத்தை மட்டும் பெறுவது எங்ஙனம் என்பதை இங்கு ஆராய்வோம்.

வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வான நூலறிஞர், சூரிய ஒளியைப் பட்டைக் கண்ணாடியால் பல நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலும் உஷ்ணமானி ஏறிற்று. அதுவே அகச்சிவப்புக் கிரணம். பின்னர் ஜான் டிண்டால் என்பவர், அயோடினைக் கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தில் கரைத்து, அக்கரைசலின் வழியே ஒளியைச் செலுத்தினார். வெளிச்சம் முற்றும் தடைபட்டது. வெப்பமோ ஊடுருவிச் சென்றது. அத்திரவம் எளிதில் தீப்பற்றுவதாகலின், அது பரிசோதனைச் சாலைக்கேயன்றிக் கோழிக் கொட்டகைக்கு ஏற்றதன்று.

தண்ணீரின் குணம் இதற்கு நேர்மாறானது. அது வெளிச்சத்தை விட்டு, அகச்சிவப்பின் பெரும்பகுதியைத் தான் ஏற்றுக்கொள்ளும். ஒரு பொருள் கண்ணுக்குத் தெளிவாயிருப்பதாலேயே அது வெப்பத்தையும் விடும் என்றோ, இருண்டிருப்பதாலேயே வெப்பத்தைத் தடுக்கும் என்றோ எண்ணலாகாது.

விளக்கின் தன்மை

அகச்சிவப்பு விளக்கினுள் இருப்பது டங்ஸ்டன் இழையே. சாதாரண பல்பின் இழையைவிட இதன் சூடு சற்றுக் குறைவு. ஆதலின், இது வெளியிடும் கிரணங்களில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மற்றவை யாவும் வெப்பம். எனவே வெளிச்சத்தைத் தடுப்பதால் உஷ்ணம் பெரிதும் குறைந்துவிடும் என்னும் அச்சம் வேண்டுவதில்லை.

சிவப்புக் கண்ணாடி விளக்கு நீலத்தையும் பச்சையையும் தடுத்துச் சிவப்பையும் அகச்சிவப்பையும் விடுகின்றது. வெளிச்சம் முற்றும் நீங்காது. எனினும் கூச்சம் குறையும். சிவப்பொளியில் இரத்தத்தின் நிறம் தனித்துத் தெரியாமையால், காயம்பட்ட குஞ்சை மற்றவை கொத்துவதும் தணியும். வெளிச்சமே வேண்டாதவர்கள் பீங்கான் வெப்பமூட்டியை உபயோகிக்கலாம். அது ஒளிராது வெப்பத்தை மட்டும் வீசும்.

செய்யத்தகாதது

வெள்ளை விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுவதும், வர்ணம் பூசுவதும், துணி போர்த்துவதும் பெருந்தவறு. தடுக்கப்பட்ட வெளிச்சம் அழிந்துபோவதில்லை. தடுத்த பொருளிலேயே உஷ்ணமாக மாறித் தங்குகின்றது. அதனுடன் விளக்கின் சூடும் சேர, தாள் கருகித் தீப்பிடிக்கும். கீழே உமியும் நிலக்கடலைத் தோலும் பரப்பிய கொட்டகையில் ஒரு பொறி விழுந்தால், குஞ்சுகளுடன் கொட்டகையும் சாம்பலாகும். சில ரூபாய்ச் சிக்கனத்திற்காக ஒரு பருவத்தின் முதலை இழத்தல் அறிவுடைமையாகாது. கண்ணாடியிலேயே நிறம் அமைந்த விளக்கை வாங்குவதே தக்கது.

கையாளும் முறை

1. விளக்கைப் பீங்கான் பிடியில் பொருத்தி, கம்பி வலைக் காப்பிட்டு, இரும்புச் சங்கிலியால் தொங்கவிடுக. மின்சாரக் கம்பியைக் கொண்டே தொங்கவிடல் கூடாது. சங்கிலி அறுந்தாலும் கீழே விழாதபடி இரண்டாவது கட்டு ஒன்றும் இருத்தல் நலம்.

2. தொடக்கத்தில் விளக்கு உமிப்பரப்பிலிருந்து சுமார் 18 அங்குல உயரத்தில் இருக்கட்டும். முதல் வாரம் குஞ்சுகள் இருக்குமிடத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறையுமாறு விளக்கை உயர்த்துக.

3. முதல் இரண்டு மூன்று நாட்கள் குஞ்சுகள் தீவனத்தையும் தண்ணீரையும் கண்டறிய நல்ல வெளிச்சம் அவசியம். பீங்கான் வெப்பமூட்டி வைப்போர் அந்நாட்களில் தனியே ஒரு சிறு விளக்கும் ஏற்ற வேண்டும்.

4. உஷ்ணமானியைவிடக் குஞ்சுகளே சிறந்த சாட்சி. விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர்; விலகி ஓரத்திற்குச் சென்று வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுதி; பரவலாய்ப் படுத்திருந்தால் உஷ்ணம் அளவானது.

5. எரியும் விளக்கின் மீது தண்ணீர் தெறித்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். தண்ணீர்ப் பாத்திரத்தை எட்டவே வைக்கவும்.

6. பீங்கான் வெப்பமூட்டி எரிகின்றதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கையால் தொட்டறிய முயல்வோர் தீப்புண் அடைவர். வெளிச்சம் நீங்கினால் ஆபத்தும் நீங்கிற்று என்று கொள்ளலாகாது. கண் கூசாத காரணத்தால் அதன் அருகே முகத்தை நெடுநேரம் வைத்திருத்தலும் கேடு.

செலவும் மாற்று ஏற்பாடும்

250 வாட் விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும். இரவில் 12 மணி நேரத்திற்கு மூன்று யூனிட். வெள்ளை விளக்காயினும் சிவப்பு விளக்காயினும் செலவு ஒன்றே. ஒரே விளக்கை நம்பியிருந்தால், நள்ளிரவில் அது பழுதாகும்போது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நசுங்கி மடியும். ஆதலின் இரண்டு விளக்குகளாகப் பிரித்து வைப்பது உசிதம். மின்சாரம் நின்றால் உதவக் கரியடுப்பும் ஆயத்தமாக இருக்கட்டும். ஆனால் கரிப்புகை விஷமுள்ளது. காற்றோட்டமின்றிக் கொட்டகையை மூடிவிட்டு அதனை மூட்டுதல் மனிதர்க்கும் குஞ்சுகளுக்கும் உயிரபாயம்.

ஐயமுள்ளோர், 1824-இல் குதிரைப் பண்ணையாகத் தொடங்கிய ஓசூர் கால்நடைப் பண்ணையிலோ, மத்திகிரியிலுள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியிலோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ விசாரித்துத் தெளியலாம். கிராம அதிகாரிகள் தத்தம் எல்லையில் தாள் சுற்றிய விளக்கைக் கண்டால், அதனை உடனே நீக்கும்படி உரியவருக்கு எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.