ஆடிப் பதிவை ஆனியிலேயே எழுதுங்கள்: மாடித்தோட்டத்துக்கு ஒரு வலைப்பூ

வலைப்பூ தொடங்குவது அரை மணி நேர வேலை. அதை ஒரு வருஷம் நடத்துவதுதான் பாடு. முதல் வாரம் நான்கு பதிவு, அடுத்த மாதம் ஒன்று, பிறகு 'வேலைப்பளு, மன்னிக்கவும்' என்று ஒரு வரி, அதோடு சரி. எழுத நேரமில்லாமல் நின்றவற்றைவிட, அடுத்து என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றவையே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே கணக்குத் திறக்குமுன் ஒரு காகிதத்தை எடுங்கள். மாடித்தோட்டத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் இருபது தலைப்பு எழுதுங்கள். 'மாடித்தோட்டத்தின் நன்மைகள்' கணக்கில் வராது. செடி வாடி நிற்கும்போது அதை யார் தேடுவார்கள்? 'வெண்டை இலை ஏன் மஞ்சளாகிறது?', 'மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் எவ்வளவு?', 'கத்தரி பூ ஏன் உதிர்கிறது?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற மாதிரியே எழுதுங்கள். இருபது தேறவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் செடி வளர்த்துவிட்டு வரலாம், அவசரமில்லை.

அடுத்து இடம். பிளாகரை 2003இல் கூகுள் வாங்கியது. இன்றும் இலவசம்தான், ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் இரண்டு விதம். வேர்ட்பிரஸ் டாட் காமில் இடத்தையும் அவர்களே தருகிறார்கள். வேர்ட்பிரஸ் டாட் ஆர்கில் மென்பொருள் மட்டும் இலவசம்; ஹோஸ்டிங், டொமைன், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில். புதிதாக எழுத வருபவர் பிளாகரில் தொடங்கலாம். நிலைத்துவிட்டால் பிறகு சொந்த டொமைன் வாங்கி அதிலேயே இணைக்கலாம். பழைய முகவரிக்கு வருபவர்களும் தானாகப் புதியதற்கு வந்துவிடுவார்கள். பெயர் சுருக்கமாக இருக்கட்டும். போனில் ஒருமுறை சொன்னால் எதிராளி பிழையில்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். எண்ணும் கோடும் வேண்டாம்.

செட்டிங்ஸில் மொழியைத் தமிழாக்குங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள். அது அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருந்தால், காலை ஆறு மணிக்கு என்று நீங்கள் குறித்துவைத்த பதிவு நமக்கு மாலையில்தான் வெளியாகும்.

இனி, தமிழில் எழுதுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: பதிவின் முகவரி. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி எடுக்காது. 'பிளாக்-போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டு, அடுத்தடுத்த பதிவுகளுக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். வெண்டைக்கும் மண்புழு உரத்துக்கும் ஒரே மாதிரி முகவரி! வேர்ட்பிரஸ்ஸில் வேறு தொல்லை. அங்கே தமிழ்த் தலைப்பே முகவரியாகும், ஆனால் ஒவ்வொரு குறியும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரியும். 'கி' என்பதில் ககரம் தனி, இகரக் குறி தனி, ஆக பதினெட்டு. இருக்கும் இடமோ 200 குறிகள்தான். நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு, வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாகக் கொட்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வெளியிடும் முன் பெர்மாலிங்க் பகுதிக்குப் போய், 'ஆடி-பட்டம்-வெண்டை' என்பது போல மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். பிளாகரில் வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் செத்துவிடும்.

பதிவுத் திட்டத்துக்குப் பட்டமே நாள்காட்டி. ஆடிப்பட்டத்துக்கான பதிவை ஆடி முதல் தேதியில் போட்டால் தாமதம். தேடுபொறி அதைக் கண்டெடுக்க நாளாகும். படிப்பவரும் விதை வாங்கி, பை நிரப்பி, கலவையை ஒரு வாரமாவது ஆறப்போட வேண்டும். எனவே செம்மண், தேங்காய் நார்க்கழிவு, தொழுவுரம் கலக்கும் பதிவு வைகாசிக் கடைசியில். வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு, புடலை விதைப்பது ஆனியில். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் புரட்டாசியில் பையின் அடித்துளை, வடிகால், பந்தலை இறுக்கிக் கட்டுவது. அவரை பூக்கும் கார்த்திகை, மார்கழியில் அசுவினி வரும். அதற்கு ஐப்பசியிலேயே எழுதிவிடுங்கள். தைப்பட்டத்துக்கு மார்கழி. நிழல்வலைக்கும் மாவுப்பூச்சிக்கும் மாசி. அக்னி நட்சத்திரத்தில் செடியோடு நீங்களும் ஓய்வெடுக்கலாம். வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும்.

மாதம் இரண்டு பதிவு தாராளம்: ஒன்று பருவத்துக்கு, மற்றது எந்த மாதமும் உதவுவது. நான்கு பதிவுகளை டிராஃப்டில் சேர்த்துவைத்த பிறகே முதல் பதிவை வெளியிடுங்கள். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தாலும் இரண்டு மாதம் தாங்கும்.

ஒரு பதிவை எப்படி எழுதுவது? மாவுப்பூச்சியையே எடுத்துக்கொள்வோம். அளவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் முதலில் சோப்பையும் எண்ணெயையும் கலக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். இதற்குப் பிறகு உங்கள் அனுபவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். தெளிக்கும் முன் ஒரு படம், ஒரு வாரம் கழித்து ஒரு படம், இரண்டிலும் தேதி. இணையத்தில் எடுத்த படம் வேண்டாம். உங்கள் வாடிய செடியே நம்பிக்கை தரும். போனில் எடுத்த படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள்.

லேபிள்கள் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். 'என்னைப் பற்றி' பக்கத்தில் எந்த ஊர், மாடி எவ்வளவு பெரியது என்று எழுதுங்கள். ஊட்டிக்காரருக்கு மதுரை வெயில் கணக்கு உதவாது. விளம்பர வருமானம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது என்றாலும் முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்துச் சொந்தக் கணினியில் வையுங்கள்.

அடுத்த வருஷம் ஆடிப்பட்டத்துக்குப் புதுப் பதிவு எழுத வேண்டாம். பழையதையே திறந்து, எது முளைக்கவில்லை, எந்த அளவை மாற்றினீர்கள் என்று சேர்த்து, திருத்திய தேதியை மேலே போட்டு, அதே முகவரியில் விடுங்கள்.