அடையாற்றில் முதல் துடுப்புப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு

1. நீச்சல் தெரியாமல் படகில் ஏறாதீர்கள். கவிழ்ந்தால் படகை விட்டு விலகவும் கூடாது. படகு மூழ்காது, உதவி வரும்வரை அதைப் பற்றிக்கொண்டே இருங்கள்.

2. ஆளுக்கு ஒரே துடுப்பு, இரு கையாலும் வலிப்பது ஒரு வகை. கைக்கு ஒன்றாக இரண்டு வலிப்பது ஸ்கல்லிங். இதிலேயே தொடங்குங்கள், உடம்பு இருபுறமும் ஒன்றுபோல் உழைக்கும். போட்டிக்கான தனியாள் ஸ்கல் 8 மீட்டர் நீளம், எடையோ 14 கிலோதான். அதன் மேல் இப்போதே கண் வைக்காதீர்கள். அகலமான பயிற்சிப் படகில் சில மாதம் போகட்டும்.

3. கைப்பிடிகளை எந்நேரமும் விடாதீர்கள். கழைக்கூத்தாடிக்குக் கழி எப்படியோ, உங்களுக்கு இரு துடுப்புகளும் அப்படி. முதல் வாரத்தில் நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன். துடைப்பதற்குள் தண்ணீரில் இருந்தேன்.

4. வலிப்பது கையால் அல்ல, காலால். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியிருக்கிறது. இருக்கை சக்கரத்தில் ஓடுவதே கால்களுக்காகத்தான். துடுப்பு நீரில் பதிந்ததும் பாதப்பலகையை உதையுங்கள். அப்போது கை கயிறுபோல நீண்டே இருக்கட்டும். கால் நீண்ட பிறகு முதுகு சாயும், கடைசியில்தான் கை மடங்கும். திரும்பும்போது கை, முதுகு, கால் என்று தலைகீழ் வரிசை. கையை முந்தவிட்டவர்கள் ஐந்தே நிமிடத்தில் முன்கை மரத்துக் கரையேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

5. நடுவில் கைப்பிடிகள் ஒன்றன்மேல் ஒன்று வரும். வழக்கமாக இடக்கை சற்று மேலே, முன்னே. தொடக்கத்தில் விரல்முட்டி உரசித் தோல் போகும். பழகிவிடும்.

6. இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரல்களால் கொக்கி போட்டால் போதும். கட்டைவிரல் கைப்பிடியின் நுனியை வெளிப்பக்கம் தள்ளட்டும். நீரிலிருந்து எடுத்ததும் அலகைப் படுக்கையாகத் திருப்புங்கள், காற்று தடுக்காது.

7. முன்னே வரும்போது அவசரம் வேண்டாம். வலிக்க ஒரு பங்கு நேரம் என்றால் வர இரண்டு பங்கு. நீங்கள் பாய்ந்து வந்தால் படகின் ஓட்டம் தடைபடும்.

8. போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். சில வலிப்புகளுக்கு ஒருமுறை தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள்.

9. கரையேறியதும் முதலில் படகைக் கழுவித் துடைத்து அடுக்கில் ஏற்றுங்கள். பிறகுதான் காபி. 1867-லிருந்து இந்த ஆற்றில் சங்கம் வைத்து வலித்துவருகிறார்கள். நாளைக் காலை அந்தப் படகுக்காக இன்னொரு பிள்ளை காத்திருக்கும்.