இம்மாதப் பாடம்: தறிக்குத் துணை உட்கார்ந்த காலம்



சேமிப்பு, கடன், தவணை பற்றி நாம் மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதம் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்ப்போம். நம் அம்மாக்களும் பாட்டிகளும் இளம்பெண்களாக இருந்தபோது என்ன வேலை செய்தார்கள்? யாரோடு பழகினார்கள்? எங்கே போய் வந்தார்கள்? உழைத்த காசு யார் கைக்குப் போச்சு?

வெறும் பழங்கதை பேசுவதற்காக இதைக் கேட்கவில்லை. இன்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் விஷயத்தில் சரியான முடிவு எடுக்க இந்தப் பாடம் உதவும். ஊக்குநர்கள் குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிவிட்டு, கடைசியில் உள்ள கேள்விகளைக் கேட்கவும்.

தறி வீட்டில் பெண் செய்த வேலை

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம், வெளியே அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று சுற்றிலும் தறிச் சத்தம் கேட்ட ஊர்கள் நிறைய. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வரும். அது சேலையாக மாறும் வரை எத்தனை கை பட வேண்டும் என்று நமக்குத் தெரியும். நூலைப் பிரிக்கணும், ராட்டையில் தார் சுற்றணும், பாவு தோய்க்கணும், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கணும். இதில் பெரும் பகுதியைச் செய்தது வீட்டுப் பெண்கள்.

அதோடு கோர்வைச் சேலை இருக்கிறதே, அதை ஒரே ஆள் நெய்வது கஷ்டம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடணும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கணும். அந்த இன்னொருவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, அல்லது கூலிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை.

இதற்கு ஊரில் என்ன பெயர்? "துணைக்கு உட்காருது." வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கூலி நெய்தவர் பெயரில் வரும். துணைக்கு உட்கார்ந்தவளுக்குத் தனிக் கணக்கு கிடையாது.

நாள் எப்படிப் போனது?

விடிவதற்கு முன்னால் எழுந்திருக்கணும். வீட்டில் கழிப்பறை இல்லாத ஊர்களில் பெண்கள் இருட்டிலேயே சேர்ந்துதான் வெளியே போவார்கள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கோ, தெருக்குழாய்க்கோ போவார்கள். சிரிப்பு, பேச்சு, ரகசியம் எல்லாம் இந்த நேரத்தில்தான். "தண்ணிக்குப் போனா இவ்வளவு நேரமா?" என்று திட்டு வாங்காத பெண் அன்றைக்கு யார்?

காலையில் பாவு தோய்க்கும் வேலை இருந்தால் தெரு நீளத்துக்குப் பாவைக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும். அக்கம்பக்கத்து வீட்டாரும் கைகொடுப்பார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்ற கைமாற்று உழைப்பு அது.

பிறகு தறி. குழித்தறியில் நெய்கிறவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதி போட, துணைக்கு வந்தவள் பக்கத்தில் அசையாமல் உட்காரணும். ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள். வேலைப்பாடு கூடினால் இன்னும் அதிகம். முதுகு வலிக்கும், மங்கிய வெளிச்சத்தில் கண் எரியும். ரேடியோ இருந்த வீட்டில் சென்னை வானொலியும் இலங்கை வானொலியும் பாடும். பாட்டோடு பாட்டாக வேலை ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும். கூலியும் நிற்கும். அப்போது கடன்தான்.

வயசுக்கு வந்த பிறகு எல்லாம் மாறும். மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அடுத்த வீட்டுத் தறிக்குப் போவது பல வீடுகளில் நின்றுபோகும். சொந்த வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ துணை. தண்ணீருக்குப் போவதற்குக்கூடத் தம்பியைக் கூட அனுப்புவார்கள். வேலை குறையவில்லை, தோழிகளோடு பேசும் நேரம்தான் குறைந்தது.

வெளியே போன நாட்கள்

அப்படியானால் அவர்களுக்குச் சந்தோஷமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது, மாசியில் காமாட்சியம்மன் திருவிழா, பங்குனி உத்திரம், வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை என்று திருவிழாக்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பெண்கள் கூட்டமாகக் கிளம்பலாம். வளையல் கடை, ராட்டினம், சொந்தக்காரப் பெண்களைப் பார்ப்பது எல்லாம் அன்றைக்குத்தான். டூரிங் டாக்கீஸில் படம் பார்க்க வேண்டுமானால் வயதான ஒரு அத்தையோ பாட்டியோ துணைக்கு வரணும்.

கவனியுங்கள். வேலைக்குப் போக அனுமதி இருந்தது, கோயிலுக்குப் போக அனுமதி இருந்தது. சும்மா ஒரு தோழியைப் பார்த்துப் பேசப் போகிறேன் என்றால்தான் அனுமதி இல்லை.

முன்பணம் என்ற கட்டு

தறி முதலாளியிடம் வீட்டுக்காரர் முன்பணம் வாங்குவார். வைத்தியச் செலவுக்கு, வீடு ஒழுகுவதற்கு, மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு. வாங்கிய பணம் அடையும் வரை வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது. கூலி குறைவு என்பதால் கடன் அடையாது. கடன் அடையாததால் கூலி உயர்த்திக் கேட்க முடியாது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனைத் தங்கை துணைக்கு உட்கார்ந்து அடைப்பாள். அவள் கல்யாணத்துக்கு மறுபடியும் முன்பணம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. முன்பணத்துக்காக ஒருவரைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவது குற்றம், அந்தக் கடனே செல்லாது என்று அது சொல்கிறது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. துணி நெய்வது உட்படப் பல வேலைகளில் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைக்கத் தடை. ஆனால் குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கில்தான் நம் பெண் பிள்ளைகள் மறைந்துபோனார்கள். தறி வீட்டுக்குள் இருக்கிறது, பிள்ளையும் வீட்டுக்குள் இருக்கிறாள், யார் கணக்கெடுப்பது?

காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் பிள்ளைகள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ததை 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச அமைப்பு அறிக்கையாக வெளியிட்டது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில்கூட பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் மட்டுமே உதவலாம்.

ஒரு கணக்குப் போடுவோம்

ஒரு பெண் 10 வயதிலிருந்து 18 வயது வரை துணைக்கு உட்கார்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாள், நாளைக்கு 8 மணி நேரம். 8 வருடத்துக்கு 2,400 நாள், 19,200 மணி நேரம். இதற்கு அவள் பெயரில் ஒரு ரூபாய் வரவு எழுதப்பட்டதா? ஒரு கடன் அட்டை, ஒரு பாஸ்புத்தகம், ஒரு சங்க உறுப்பினர் எண் உண்டா? இல்லையென்றால் அந்த 19,200 மணி நேரமும் நடக்கவே இல்லை என்றுதானே ஆகிறது?

2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் பதிவானார்கள். அதில் 25 லட்சத்துக்கு மேல் பெண்கள். நெய்வதோடு நூல் சுற்றுவது, பாவு வேலை போன்றவற்றையும் சேர்த்து எண்ணிய கணக்கு இது. எண்ணினால்தான் தெரியும், தெரிந்தால்தான் கேட்க முடியும்.

எழுதி வைத்த ஒரு பெண்

நம் ஊரைப் போலவே பட்டுக்குப் பெயர் போன நாடு ஜப்பான். அங்கே 1872-ல் டொமியோகா என்ற ஊரில் அரசு ஒரு பட்டு நூற்பாலையைத் தொடங்கியது. பல ஊர்களிலிருந்து இளம்பெண்கள் வந்து விடுதியில் தங்கி வேலை கற்றார்கள். 1873-ல் அங்கே போன வாடா எய் என்ற பெண், பல வருடம் கழித்து, 50 வயதில், அந்த நாட்களை நினைவிலிருந்து எழுதி வைத்தார். ஆலை முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தில் கிடைக்காத பெண்களின் அன்றாட வாழ்க்கை இன்று நமக்குத் தெரிவது அந்த எழுத்தினால்தான். 2014-ல் அந்த ஆலை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

நம் பாட்டிகளுக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம். ஞாபகம் இருக்கிறது. நமக்கு எழுதத் தெரியும்.

இன்றைய பெண்கள்

இப்போது விடிகாலையில் பிள்ளைகள் தறிக்கு உட்காருவதில்லை. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். வெளியூர்ப் பெண்கள் விடுதியில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். அன்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள், இன்று விடுதி அறையில் பேசுகிறார்கள். சேர்ந்து பேச இடம் இருந்தால்தான் சேர்ந்து கேட்க முடியும். நம் சங்கமும் அப்படிப் பிறந்ததுதானே?

சம்பளம் பிள்ளையின் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? "கல்யாணத்துக்குச் சேர்க்கிறோம்" என்று நாமே வாங்கி வைத்துக்கொண்டால், முன்பணக் காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்? 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. பெண்ணின் உழைப்புக்கு அவள் பெயரிலேயே பணம் வருவது உரிமை என்று அன்று நாம் சந்தோஷப்பட்டோம். அந்த உரிமை நம் மகளுக்கும் உண்டு.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

குழுவில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். வருடம் ஞாபகம் இல்லை என்றால் இப்படிக் கேளுங்கள்: "1979-ல் அத்தி வரதர் வந்தப்போ உங்களுக்கு என்ன வயசு? 1982-ல சத்துணவு வந்தப்போ தறியில இருந்தீங்களா, பள்ளிக்கூடத்துல இருந்தீங்களா?"

1. எந்த வயதில் வேலைக்கு உட்கார்ந்தீர்கள்? யார் உட்கார வைத்தார்கள்?
2. கூலி யார் கையில் வந்தது? உங்களுக்கென்று எவ்வளவு கிடைத்தது?
3. உங்கள் தோழி யார்? கல்யாணத்துக்குப் பிறகு அவரைப் பார்த்தீர்களா?
4. எங்கே தனியாகப் போக முடிந்தது? எதற்கு அனுமதி கிடைக்கவில்லை?
5. உங்கள் மகளுக்கு, பேத்திக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நினைக்கிறீர்கள்?

யாரையும் கட்டாயப்படுத்திப் பேச வைக்க வேண்டாம். சிலருக்கு அழுகை வரும், பொறுமையாகக் கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் போட வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

குழு எடுக்கக்கூடிய தீர்மானங்கள்

உறுப்பினர் வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணின் பாஸ்புத்தகமும் ஏடிஎம் கார்டும் அவளிடமே இருக்க வேண்டும். வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யணும். தார் சுற்றும், பாவு பிணைக்கும் பெண்கள் நெசவாளர் நல வாரியத்தில் பதிவு செய்வது பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கணும். பள்ளி வயதுப் பிள்ளை வேலையில் இருப்பது தெரிந்தால் 1098-க்குத் தகவல் சொல்லலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

பதில்கள் எழுதிய நோட்டை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் எடுத்து வரவும். எல்லாக் குழுக்களும் சேர்ந்து படிப்போம்.