நிலமும் உழவும் ஒரே சொல்லில்

கேள்வி: 1 கொரிந்தியர் 3:9-இல் பவுல் சபையைத் தேவனுடைய 'பண்ணை' என்கிறார். மூலமொழியான கிரேக்கத்தில் அதன் பொருள் என்ன?

பதில்: அங்கே உள்ள சொல் 'கெயோர்கியோன்'. 'கே' என்றால் நிலம். 'எர்கோன்' என்றால் வேலை. உழவனைக் குறிக்கும் 'கெயோர்கோஸ்' இதன் உறவுச் சொல். ஜார்ஜ் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது.

இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், நீதிமொழிகள் 24:30 இதை வயல் என்ற பொருளில் ஆள்கிறது. அதே மொழிபெயர்ப்பில் உள்ள சீராக் நூலின் 27:6-இலோ, மரத்துக்குச் செய்த பராமரிப்பே கெயோர்கியோன். அது எத்தகையது என்பதைக் கனி காட்டிவிடும். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வருவது இந்த ஓரிடத்தில் மட்டுமே.

கொரிந்து சபையார் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி என்று பிரிந்து நின்ற நேரம் அது. நட்ட தானும் நீர் பாய்ச்சிய அப்பொல்லோவும் வேலையாட்கள்தான், விளைச்சலைத் தருபவர் கடவுள் என்று பவுல் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார். ஆகவே, சபை கடவுளுக்குச் சொந்தமான நிலம். அதில் அவருடைய சாகுபடி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு பொருளையும் சேர்த்துப் படித்தால்தான் வசனத்தின் முழு வலிமையும் புரியும்.