லேத் கற்றுத்தந்த திருப்புத்திறன்

திருவொற்றியூர்ப் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் அடிப்படை இயந்திரவியல் கற்பிக்கிறேன். என் மாணவர் பலரின் பெற்றோர் எண்ணூர், மணலி ஆலைகளில் உழைப்பவர்கள்.

சென்ற ஆண்டு பட்டறையில் லேத்தை இடம் மாற்ற, மாணவர்களோடு சேர்ந்து நடுவில் கடப்பாரை வைத்து நெம்பினேன். ஹெட்ஸ்டாக் பக்கம் சட்டெனச் சரிந்தது. ஒரு மாணவனின் கால் மயிரிழையில் தப்பியது. தவறு என்னுடையதே. எந்திரத்தின் நடு வேறு, எடையின் நடு வேறு.

மறுநாள் அதையே பாடமாக்கினேன். 30 செ.மீ. அளவுகோலை நடுவில் பென்சில்மேல் வைத்தோம். ஒருபுறம் 5 செ.மீ. தொலைவில் 4 நாணயங்கள்; மறுபுறம் 10 செ.மீ. தொலைவில் 2 நாணயங்கள். அளவுகோல் சமநின்றது. பத்தாம் வகுப்பில் படித்த திருப்புத்திறன் நினைவுக்கு வந்தது. "அப்போ டெயில்ஸ்டாக்கைக் கடைசிக்குத் தள்ளிப் பூட்டணும், சார்!" என்றான் ஒரு மாணவன். சரியான விடை.

வகுப்பில் நாங்கள் எழுதிய விதிகள்:

1. எந்திரத்தைத் தூக்குவது பயிற்சி பெற்றவர் வேலை. மாணவர் தள்ளி நிற்க வேண்டும்.
2. தூக்கும் சங்கிலி, கயிறுகளை 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டம், 1948. பள்ளியிலும் அதைப் பின்பற்றுவோம்.
3. சக் சாவியைச் சக்கிலேயே விடக் கூடாது.
4. விடுமுறைக்கு முன் மின்இணைப்பைத் துண்டித்து, இரும்புச் சுருள்களைத் தூரிகையால் அகற்றி, வழுக்குப் பரப்புகளில் எண்ணெய் பூச வேண்டும். நம் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும்.

நாளை ஆலைக்குச் செல்லும் பிள்ளைகள் இவர்கள். நெம்புமுன் எடை எங்கே எனக் கேட்கும் பழக்கத்தோடு அனுப்புவோம்.